'இன்' வந்தால் 'இல்லை' ஆகுமா?

புதுச்சேரியின் வடக்கு எல்லையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் கோட்டக்குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூர் வழியாகத்தான் செல்கிறது. இது போன்ற நெடுஞ்சாலைகளில் பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இடையே டேங்கர் லாரிகளும் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. அவற்றுள் சிலவற்றின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதியிருக்கும்.

இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

ஆங்கில இலக்கணத்தை நன்றாகப் படித்த ஒரு மாணவர் இப்படி எண்ணக்கூடும்: "'ஃபிளேம்' என்றால் சுடர். 'ஏபிள்' என்றால் 'கூடிய'. 'இன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. 'விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரிவது. 'இன்விசிபிள்' என்றால் தெரியாதது. 'கரெக்ட்' என்றால் சரி; 'இன்கரெக்ட்' என்றால் தவறு. ஆகவே 'இன்ஃபிளேமபிள்' என்றால் தீப்பற்றாதது!"

வாதத்தில் குறை காண்பது கடினம். ஆனால் முடிவு ஆபத்தானது. அந்தச் சொல்லின் பொருள் 'எளிதில் தீப்பற்றக்கூடியது' என்பதே. ஒரு வண்டி நிறையப் பெட்ரோலைத் தீப்பற்றாத பொருள் என்று நம்பி ஒருவர் அருகில் தீக்குச்சியைக் கிழித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொல்லின் தலையில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சிறிய முன்னொட்டு ஏன் இப்படி ஏமாற்றுகிறது? அறிவியல் பாடங்களில் இத்தகைய சொற்கள் நிறைய வருவதால், இதைச் சற்று விரிவாகவே காண்போம்.

ஒரே உருவில் இருவர்

ஆங்கிலத்தில் வழங்கும் 'இன்' இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. இலத்தீனில் இந்த உருவத்தில் இரண்டு முன்னொட்டுகள் உண்டு. ஒன்றின் பொருள் 'இல்லை' அல்லது 'அல்ல'. மற்றதன் பொருள் 'உள்ளே' அல்லது 'மேலே'. இரண்டாவது 'இன்' சில சமயம் வினையின் வேகத்தைக் கூட்டுவதற்கும் வரும். ஒரே பெயருள்ள இரண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு.

'இன்ஃபிளேமபிள்' என்ற சொல்லில் இருப்பவர் இரண்டாமவர். 'தீ மூட்டு' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. ஆகவே 'தீ மூட்டக்கூடியது' என்பதே அதன் நேர்ப்பொருள்.

இயற்பியல் பாடத்தில் இந்த இரண்டாவது 'இன்' உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆடியின்மேல் வந்து விழும் கதிரை 'இன்சிடென்ட் ரே' என்கிறோம். 'மேலே விழும் கதிர்' என்பது அதன் பொருள். தமிழில் படுகதிர் என்கிறோம். மின்காந்தத் தூண்டலுக்கு வழங்கும் 'இன்டக்ஷன்' என்ற சொல்லிலும் 'உள்ளே செலுத்துதல்' என்ற பொருளே அடங்கியிருக்கிறது. இங்கெல்லாம் இல்லாமை எதுவும் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மின்கம்பத்தில் பார்க்கும் பீங்கான் 'இன்சுலேட்டர்' என்ற சொல்லில் 'இன்' என்பது முன்னொட்டே அன்று! 'இன்சுலா' என்றால் இலத்தீனில் தீவு. மின்னோட்டமுள்ள கம்பியைச் சுற்றியுள்ள பொருள்களோடு தொடர்பில்லாமல் தீவுபோலப் பிரித்து வைப்பது என்பதால் அந்தப் பெயர்.

இவ்விரண்டு 'இன்'களும் அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்பத் தம் உருவத்தை மாற்றிக்கொள்ளும். 'பாசிபிள்' முன் 'இம்' ஆகி 'இம்பாசிபிள்' என்று நிற்கும். 'லீகல்' முன் 'இல்', 'ரெகுலர்' முன் 'இர்' ஆகும். இது நமக்குப் புதிதல்ல. 'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது 'மரங்கள்' என்று மகரம் ஙகரமாகிறது அல்லவா? நாவுக்கு எளிமை தேடும் அதே புணர்ச்சிதான் இதுவும். ஆனால் இரண்டாவது 'இன்'னும் இதே போல மாறும் என்பதை மறவாதீர்கள். நீர் பாய்ச்சுவதைக் குறிக்கும் 'இர்ரிகேஷன்', ஒளியூட்டுவதைக் குறிக்கும் 'இல்லுமினேஷன்' ஆகிய சொற்களில் உள்ள 'இர்', 'இல்' இரண்டும் எதிர்மறை அல்ல. 'உள்ளே, மேலே' என்னும் பொருளுடையவை.

எல்லைக்கு அப்பால் இரண்டு 'இன்'

1954 நவம்பர் 1ஆம் நாள் வரை புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதுவரை கோட்டக்குப்பத்தின் தெற்கு எல்லை, இரண்டு ஆட்சிகளைப் பிரிக்கும் எல்லையாகவே இருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் பிரெஞ்சும் அலுவலக மொழிகள். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள் உள்ளனர்.

பிரெஞ்சிலும் இதே சொல் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒலிப்பு மட்டும் வேறு. பொருளும் 'தீப்பற்றக்கூடியது' என்பதே. அப்படியானால் 'தீப்பற்றாதது' என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? அச்சொல்லின் முன்னால் இன்னொரு 'இன்' சேர்த்துவிடுவார்கள்! முதல் 'இன்' எதிர்மறை. இரண்டாவது 'இன்' வலுவூட்டுவது. இரண்டு 'இன்'களும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்பதால், அவை வெவ்வேறானவை என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாமற் போயிற்று.

ஆங்கிலத்தில் 'இன்ஃபிளேமபிள்' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வழங்கி வருகிறது. ஹென்றி கேவண்டிஷ் 1766இல் ஹைட்ரஜனை ஆராய்ந்து எழுதியபோது, அவ்வாயுவுக்கு 'இன்ஃபிளேமபிள் ஏர்' என்றே பெயர் சொன்னார். அந்நாளில் அச்சொல்லை வாசித்தவர்கள் பெரும்பாலும் இலத்தீன் கற்றவர்கள். ஆகவே குழப்பம் எழவில்லை. ஆனால் அதே சொல் பீப்பாய்களிலும் லாரிகளிலும் ஏறிய பிறகு, அதை வாசிப்பவர்கள் தொழிலாளர்களும் ஓட்டுநர்களும் வழிப்போக்கர்களும் ஆயினர். அவர்களுக்கு இலத்தீன் எதற்கு?

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில், 'இன்' இல்லாத 'ஃபிளேமபிள்' என்ற சொல்லையே பயன்படுத்தும்படி வற்புறுத்தத் தொடங்கியது. 1813 முதல் ஆங்கிலத்தில் காணப்பட்டும் அதிகம் வழங்காத சொல் அது. பிரிட்டிஷ் தர நிறுவனம் 1959இல் இதே பரிந்துரையைச் செய்தது. தீப்பற்றுவது 'ஃபிளேமபிள்', தீப்பற்றாதது 'நான்-ஃபிளேமபிள்' என்று வைத்துக்கொண்டால் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் பழைய சொல் மறையவில்லை. 1952இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'இன்ஃபிளேமபிள்' இடம்பெற்றிருக்கிறது.

ஆகவே சொல்லோடு படத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஆபத்தான சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளில் வகைச் சின்னமும் அவசரத் தகவல் பலகையும் இருக்க வேண்டும். முனையில் நிற்கும் சிவப்புச் சதுரமும் அதனுள் ஒரு சுடரும் இருந்தால், உள்ளே இருப்பது தீப்பற்றும் நீர்மம் அல்லது வாயு. பலகையில் 1203 என்ற எண் இருந்தால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் எரிவாயு. இவை ஐக்கிய நாடுகள் அவையின் முறைப்படி உலகெங்கும் வழங்கும் எண்கள். சுடரின் படத்துக்கு முன்னொட்டு கிடையாது. எந்த மொழிக்காரரும் அதைப் படித்துவிடலாம்.

'இல்லை' என்பதிலும் வகை உண்டு

இனி முதலாவது 'இன்'னுக்கு, அதாவது உண்மையான எதிர்மறைக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'அன்', இலத்தீனின் 'இன்', கிரேக்கத்தின் 'அ' அல்லது 'அன்', வடமொழியின் 'அ' அல்லது 'அன்' ஆகிய நான்கும் ஒரே மூதாதைச் சொல்லின் வாரிசுகள் என்று மொழியியலார் காட்டியுள்ளனர். நீதி – அநீதி, ஆதி – அநாதி என்று தமிழில் வழங்கும் சொற்களில் உள்ளது இந்தக் குடும்பத்தின் 'அ'தான். தமிழ் வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் எதிர்மறையைப் பெரும்பாலும் சொல்லின் முன்னால் வைப்பதில்லை. பின்னாலோ வினையின் நடுவிலோ வைக்கிறோம். எரியும் – எரியாது, நீர் – நீரற்ற என்பன போல.

இந்த 'அ' எதிர்மறை என்ன பொருளெல்லாம் தரும் என்று நம் இலக்கண மரபு பிரித்துக் காட்டியிருக்கிறது. இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்று. அநாதி என்பது ஆதி இல்லாதது, இது இன்மை. அசைவம் என்பது சைவ உணவு அல்லாதது, இது அன்மை. அநீதி என்பது நீதிக்கு நேர் எதிரானது, இது மறுதலை. இந்த மூன்று அறைகளை வைத்துக்கொண்டால், அறிவியலில் வரும் எதிர்மறைச் சொற்களை அழகாக அடுக்கிவிடலாம்.

இன்மை: எது இல்லை?

மயில்துத்தத்தின் நீலப் படிகங்களைச் சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் அவை வெண்மையான தூளாகும். அதை 'அன்ஹைட்ரஸ் காப்பர் சல்பேட்' என்கிறோம். 'அன்' – இல்லை. 'ஹைட்ரஸ்' – நீருள்ள. நீரற்ற காப்பர் சல்பேட். இல்லாமற் போனது படிக நீர் மட்டுமே. காப்பர் சல்பேட்டும் அதன் நச்சுத்தன்மையும் அப்படியே இருக்கின்றன. ஒரு துளி நீர் விட்டால் நீல நிறம் திரும்பிவிடும்.

பிரெஞ்சு நாட்டவரான லூசியன் விடி 1844இல் அமைத்த 'அனிராய்டு' காற்றழுத்தமானியும் இப்படித்தான். பாதரசம் போன்ற நீர்மம் எதுவும் அதில் இல்லை; அதுவே பெயரின் பொருள்.

இன்மைச் சொல் வந்தால் 'எது இல்லை?' என்று கேட்க வேண்டும். விலைமதிப்பற்ற வைரம் என்கிறோம். அங்கே இல்லாதது மதிப்பு அன்று. விலை போடும் வழி. ஆங்கிலத்தின் 'இன்வேல்யுவபிள்' என்பதும் அதே போல 'மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது' என்றே பொருள்படும். 'மதிப்பற்றது' என்று கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் 1919 முதல் பணியாற்றிய பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) ஒரு தீத்தடுப்புப் பொறியாளர். மொழி ஆராய்ச்சியிலும் ஈடுபாடு கொண்டவர். தீ விபத்துகளை ஆராய்ந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே தொழிலாளர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொண்டனர். 'காலிப் பீப்பாய்' என்று சொல்லப்பட்டவற்றின் அருகே புகைபிடித்தனர். துண்டுச் சிகரெட்டுகளை எறிந்தனர். 1941இல் வெளியான அவருடைய கட்டுரையில் இந்த எடுத்துக்காட்டு புகழ்பெற்றது.

காலிப் பீப்பாயில் இல்லாதது எது? நீர்ம நிலையில் உள்ள பெட்ரோல். இருப்பது எது? பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை. பெட்ரோல் நீர்மமாக எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. காற்றில் ஆவியின் அளவு ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால்தான் கலவை தீப்பற்றும். நிறைந்த பீப்பாயில் காற்றுக்கு இடமே அதிகம் இல்லை. காலியானதிலோ ஆவியும் காற்றும் கலக்கத் தாராளமாக இடம் உண்டு. ஆகவே ஒரு பொறி பட்டால் வெடிப்பது காலிப் பீப்பாய்தான். எரிபொருள் இருந்த பழைய டிரம்மை முறையாகச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் பட்டறையில் வெட்டுவதோ ஒட்டுவதோ கூடாது என்பதற்கு இதுவே காரணம். 'காலி' என்ற சொல் பொய் சொல்லவில்லை; எது காலி என்று மட்டும் அது சொல்லவில்லை.

அன்மை: எந்த வகை அல்ல?

'நான்-மெட்டல்' என்பதை அலோகம் என்கிறோம். இங்கே வரும் 'நான்', தன்னைச் சுட்டும் தமிழ் 'நான்' அன்று, ஆங்கில முன்னொட்டு! உலோகம் என்னும் வகையைச் சேர்ந்தது அல்ல என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாமோ மேலும் பலவற்றை ஊகித்துவிடுகிறோம். உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். எனவே அலோகம் கடத்தாது என்று எண்ணுகிறோம். கார்பன் ஓர் அலோகம். ஆயினும் அதன் ஒரு வடிவமான கிராஃபைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பென்சிலின் நடுவில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த குச்சி. மரம்தானே, அலோகம்தானே என்று எண்ணிக் கூர்சீவிய பென்சிலை மின் துளைக்குள் நுழைத்தால் விளைவு விபரீதமாகும்.

'நான்-ஃபிளேமபிள்' என்ற சொல்லும் அன்மையே. ஆக்சிஜன் தானாக எரியும் வாயு அன்று. ஆனால் மற்றப் பொருள்கள் எரிவதை அது மூர்க்கமாக்கும். 'எரியும் வகை அல்ல' என்பதற்கு 'தீக்கு அருகில் வைக்கலாம்' என்று பொருள் இல்லை. மருத்துவமனையில் ஆக்சிஜன் உருளை இருக்கும் இடத்தில் 'புகைபிடிக்காதீர்' என்று எழுதி வைப்பது இதனால்தான்.

மறுதலை: எதற்கு எதிர்?

ஒரு கோலிக்குண்டும் ஒரு கிண்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள். குண்டைக் கிண்ணத்தின் அடியில் வையுங்கள். சற்றுத் தள்ளினால் அது பழைய இடத்துக்கே திரும்பும். இது உறுதிச் சமநிலை, ஆங்கிலத்தில் 'ஸ்டேபிள்'. கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் உச்சியில் குண்டை நிறுத்துங்கள். சற்றுத் தள்ளினால் அது மேலும் மேலும் விலகி ஓடும். இது உறுதியற்ற சமநிலை, 'அன்ஸ்டேபிள்'. இப்போது குண்டைச் சமதளமான மேசைமேல் வையுங்கள். தள்ளினால் திரும்பி வராது, விலகியும் ஓடிக்கொண்டிராது, புதிய இடத்தில் அப்படியே நிற்கும். இது நடுநிலைச் சமநிலை.

மேசைமேல் உள்ள குண்டு 'ஸ்டேபிள்' அல்ல. அதனால் அது 'அன்ஸ்டேபிள்' ஆகிவிடுமா? ஆகாது! ஆகவே இங்கே 'அன்' என்பது வெறும் அன்மை அல்ல, மறுதலை. திரும்பி வருவதற்கு நேர் எதிரான விலகி ஓடுதலை அது குறிக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதற்கு இடம் இருக்கிறது. தேர்வில் 'ஸ்டேபிள் அல்லாதவை எல்லாம் அன்ஸ்டேபிள்' என்று எழுதும் மாணவர், மறுதலையை அன்மை என்று கொண்டதால் மதிப்பெண் இழக்கிறார்.

பொதுவழக்கிலும் இதைக் காணலாம். 'ஃபேமஸ்' என்றால் புகழ்பெற்றவர். 'இன்ஃபமஸ்' என்றால் புகழ் இல்லாத சாதாரண மனிதர் அல்லர், இகழ்ச்சியால் பெயர்பெற்றவர்.

நான்காவது அறை: நீக்கல்

நம் மூன்று அறைகளுக்குள் அடங்காத ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. 'லாக்' என்றால் பூட்டு. 'அன்லாக்' என்றால் பூட்டாமல் இருப்பதன்று, பூட்டியதைத் திறப்பது. முன்பு நடந்த செயலை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது நீக்கல். 'டிஸ்', 'டி' என்னும் முன்னொட்டுகளும் இந்த வேலையைச் செய்யும். 'டிஸ்கவர்' என்ற சொல்லையே பாருங்கள்: மூடியதை நீக்குதல், அதாவது மறைந்திருந்ததை வெளிப்படுத்துதல், கண்டுபிடித்தல்!

இயற்பியல் கணக்குகளில் இந்த வேறுபாடு முக்கியமானது. 'அன்மேக்னடைஸ்டு' இரும்புத் துண்டு என்றால் காந்தமாக்கப்படாதது. 'டிமேக்னடைஸ்டு' என்றால் காந்தமாக இருந்து காந்தத்தன்மை நீக்கப்பட்டது. அப்படியே 'அன்சார்ஜ்டு' மின்தேக்கி என்பது மின்னூட்டம் இல்லாதது. 'டிஸ்சார்ஜ்டு' என்பது மின்னூட்டம் பெற்று, பின் இறக்கப்பட்டது.

இவற்றோடு 'டிஸ்கனெக்டட்' என்ற மூன்றாவது சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். மின்இணைப்பு நீக்கப்பட்டது என்பது அதன் பொருள். மின்னூட்டம் நீக்கப்பட்டது என்பதன்று. மைக்ரோவேவ் அடுப்பு, பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றில் உள்ள உயர் மின்னழுத்தப் பகுதிகள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். இணைப்பைத் துண்டித்துவிட்டோமே என்று பெட்டியைத் திறந்து உள்ளே கை வைப்பவருக்குக் கடும் அதிர்ச்சி காத்திருக்கும். எது நீக்கப்பட்டது என்ற கேள்வி இங்கே உயிர்காக்கும் கேள்வி.

பெயர் வைத்த நாளின் அறிவு

எதிர்மறைப் பெயர் ஒன்றைக் கண்டால், அது சூட்டப்பட்ட காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'ஆட்டம்' என்னும் அணுவின் ஆங்கிலப் பெயர் கிரேக்க மொழியில் 'வெட்ட முடியாதது' என்று பொருள்படும். 'அ' – முடியாத. 'தோமோஸ்' – வெட்டு. 1897இல் ஜே. ஜே. தாம்சன், அணுவிலும் சிறிய எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். 1938இன் இறுதியில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்டிராஸ்மனும் யுரேனியம் அணுக்கரு பிளவுபடுவதற்கான சான்றைக் கண்டனர். வெட்ட முடியாதது பிளந்தது! பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. நாம் வழங்கும் 'அணு' என்ற சொல்லுக்கு 'மிக நுண்ணியது' என்பதே பொருள். அதில் எதிர்மறை இல்லாததால் அணுப்பிளவு என்று சொல்லும்போது தமிழில் முரண்பாடு தோன்றுவதில்லை.

நைட்ரஜனைப் பிரெஞ்சு மொழியில் இன்றும் 'அஸோத்' என்பார்கள். 1787இல் லவாய்சியரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட வேதியியல் பெயரமைப்பில் இடம்பெற்ற பெயர் அது. 'உயிர் இல்லை' என்று பொருள். அந்த வாயு மட்டும் நிரம்பிய இடத்தில் உயிரினம் பிழைக்காது என்பதால் அப்பெயர். ஆனால் நம் உடலில் உள்ள புரதம் ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் இருக்கிறது. அது இன்றி உயிரே இல்லை.

1894இல் ராலேயும் ராம்சேயும் காற்றில் கண்டறிந்த வாயுவுக்கு 'ஆர்கான்' என்று பெயரிட்டனர். 'அ' – இல்லாத. 'எர்கான்' – வேலை. எதனுடனும் சேராத சோம்பேறி என்று பொருள். அதன் இனத்தைச் சேர்ந்த செனானை 1962இல் நீல் பார்ட்லெட் ஒரு சேர்மத்தில் சேர வைத்தார். 2000இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக விஞ்ஞானிகள், மிகக் குறைந்த வெப்பநிலையில் ஆர்கானையும் ஒரு சேர்மத்தில் இணைத்துக் காட்டினர். சோம்பேறியும் வேலை செய்தது! 'முடியாது', 'இல்லை' என்னும் பெயர்கள் அந்த நாளைய அறிவின் எல்லையைக் காட்டுகின்றனவே தவிர, இயற்கையின் எல்லையை அல்ல.

தமிழிலும் எச்சரிக்கை வேண்டும். அமாவாசை என்பதில் முதலெழுத்து 'அ'வாக இருக்கிறது. அன்று நிலவும் தெரிவதில்லை. அதனால் அது எதிர்மறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வடமொழியில் 'அமா' என்றால் 'உடன், கூட'. சூரியனும் சந்திரனும் உடன் வசிக்கும் நாள் என்பது அச்சொல்லின் பொருள். அன்று அவ்விரண்டும் வானில் ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கின்றன என்பது வானியல் உண்மையும்கூட.

நீங்களே பிரித்துப் பாருங்கள்

இனி முன்னொட்டுள்ள சொல் ஒன்று எதிர்ப்பட்டால் முதலில் கேளுங்கள்: இது 'இல்லை'யா, 'உள்ளே'யா? 'இல்லை' என்றால் அடுத்துக் கேளுங்கள்: எது இல்லை? எந்த வகை அல்ல? எதற்கு எதிர்? எது நீக்கப்பட்டது? இக்கேள்விகளுக்கு முன்னொட்டு மட்டும் விடை சொல்லாது. அகராதியைப் பாருங்கள், ஆசிரியரைக் கேளுங்கள். தீ, மின்சாரம், மருந்து ஆகியவை சம்பந்தப்பட்ட சொல்லானால், விடை தெரியும்வரை அது ஆபத்தானது என்றே கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஏழு சொற்கள் தருகிறோம். ஒவ்வொன்றும் எந்த அறைக்கு உரியது என்று தாளில் எழுதுங்கள். பிறகு விடைகளோடு ஒப்பிடுங்கள்.

1. இன்ஃபினிட் 2. இன்ஹேல் 3. அன்ஃபோல்ட் 4. இம்போர்ட் 5. அனீமியா 6. நான்-கண்டக்டர் 7. அன்ஃபிரண்ட்லி

விடைகள்: 1. இன்மை; முடிவு இல்லாதது. கணிதத்தில் முடிவிலி என்று நாம் வழங்குவதும் இதே அமைப்புதான். 2. எதிர்மறை அன்று, மூச்சை உள்ளே இழுத்தல். 3. நீக்கல், மடித்ததைப் பிரித்தல். 4. எதிர்மறை அன்று, உள்ளே கொண்டுவருதல், இறக்குமதி. 5. இன்மை; சொல்லின்படி 'இரத்தம் இல்லாமை'. ஆனால் உண்மையில் குறைந்திருப்பது இரத்தத்தின் சிவப்பணுக்களோ அவற்றில் உள்ள ஹீமோகுளோபினோதான். ஆகவே 'இரத்தசோகை' என்கிறோம். 6. அன்மை, கடத்தும் வகையைச் சேராதது. 7. மறுதலை; நண்பர் அல்லாதவர் எல்லாரும் பகைமை காட்டுவதில்லை அல்லவா?